அக்கா விரல் தூக்கிய இடங்கள்

அக்காவின் வலது காதுக்குப் பின்னால் நான் எழுதிய நிரல் நான்கு மாதங்களாக ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அவளிடம் ஒரு படிவத்தைக் கொடுப்பேன். சத்தம் தெளிவாக இருக்கிறதா, பேச்சு புரிகிறதா, இடையில் தடை ஏதும் உண்டா என்று ஒரு பக்கம் முழுக்கக் கேள்விகள். அவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எல்லாவற்றுக்கும் ‘மிக நன்று’ என்ற கட்டத்தில் நிதானமாக ஒரு சரி போட்டு, கீழே கையெழுத்தும் போட்டுத் தருவாள். நான் அதை அப்படியே நம்பினேன். அலுவலகத்தில் அந்தப் படிவங்களைப் பெருமையோடு நீட்டவும் செய்தேன்.

என் அலுவலகம் ஈப்போ நகரத்தின் ஓரத்தில், ஒரு கடை வரிசையின் மாடியில் இருக்கிறது. கீழே டயர் கடை. ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்பு மலை. காலையில் போய் உட்காரும்போது மலை இருக்காது, பனி மட்டும்தான் இருக்கும். ஒன்பது மணி வாக்கில் மலை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும், முதலில் உச்சியில் நிற்கும் மரங்கள், பிறகு வெள்ளைப் பாறை. வெளிநாட்டில் யாரோ செய்யும் காதுக் கருவிகளுக்கு, அவற்றின் உள்ளே ஓடும் நிரலை அந்த மாடியில் உட்கார்ந்து நாங்கள் பன்னிரண்டு பேர் எழுதுகிறோம்.

கருவிக்குள் எந்த வேலை எப்போது ஓட வேண்டும் என்று வரிசைப்படுத்துவது என் பங்கு. கல்யாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டு நான் இதைச் சொன்னால், பாதியிலேயே அவர்கள் கண் வேறு பக்கம் போய்விடும். எனக்கோ அது விழித்துக்கொண்டே காணும் கனவு மாதிரி. வெளியிலிருந்து வரும் சத்தத்தைக் கருவி மிக மெல்லிய துண்டுகளாக அரிந்துகொள்கிறது. ஒரு துண்டு எட்டு மில்லி விநாடி. கண் ஒரு தடவை இமைப்பதற்குள் பத்து இருபது துண்டுகள் வந்து போய்விடும். ஒவ்வொன்றையும் வாங்கி, இரைச்சலைக் கழித்து, காதுக்கு எட்டாத சுருதிகளை உயர்த்தி, அடுத்த துண்டு வருவதற்குள் காதில் கொடுத்துவிட வேண்டும். அதுதான் கெடு. அரை மில்லி விநாடி பிந்தினாலும் அந்தத் துண்டு யாருக்கும் வேண்டாததாகிவிடும். காதில் அந்த இடம் வெறுமையாகப் போகும்.

சத்தத்தைக் கவனிக்கும் அதே சின்ன மூளைதான் பேட்டரியையும் பார்க்க வேண்டும், கைப்பேசியோடும் பேச வேண்டும், யாராவது பட்டனை அழுத்தினால் திரும்பிப் பார்க்கவும் வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நின்றால் யாரை முதலில் உள்ளே விடுவது? அதை முன்கூட்டியே யோசித்து எழுதிவைப்பதுதான் என் பிழைப்பு. சத்தத்துக்கு முதலிடம் கொடுத்திருந்தேன். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. எனக்கு நாற்பத்து மூன்று. அவள் இருபது வருடம் பளிங்குக் கல் அறுக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தாள். வட்டமான வாள் ஒன்று கல்லுக்குள் இறங்கும் சத்தத்தைக் காலை முதல் மாலை வரை கேட்டாள். முதலில் குருவிச் சத்தம் போனது, பிறகு தொலைபேசி மணி, பிறகு எங்கள் பேச்சு. இப்போது செமோரில் தாமான் என்கிற வீட்டுக் குடியிருப்பு ஒன்றில், பள்ளிக்கூட பஸ் ஓட்டும் தன் கணவரோடு இருக்கிறாள். நான் அவரை மாமா என்பேன். அந்தத் தாமான் முன்பு ரப்பர் தோட்டமாக இருந்தது. அக்காவும் நானும் அங்கேதான் பிறந்தோம். எந்த இடம் என்று காட்டச் சொன்னால் இரண்டு பேருக்கும் தெரியாது. கார் கழுவும் கடை இருக்கும் இடமாக இருக்கலாம், அதற்கு எதிர்ப்பக்கமாகவும் இருக்கலாம்.

கருவியைப் போட்டுப் பார்க்க உள்ளூர் ஆட்கள் வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டபோது முதலில் அவள் முகம்தான் என் நினைவுக்கு வந்தது.

விஷயம் வெளியே வந்தது ஒரு சனிக்கிழமைக் காலையில். செமோர் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தோம். அவள் எனக்கு இரண்டடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

“அக்கா, மழை வருது. குடை எடுத்தியா?” என்றேன்.

அவள் திரும்பி, நன்றாகச் சிரித்து, “ஆமா ஆமா, நல்லா இருக்கு,” என்றாள்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். காது போன பிறகு அவள் கண்டுபிடித்துக்கொண்ட சிரிப்பு அது. எந்தப் பேச்சுக்கும் பொருந்தும். கருவி வந்த பிறகு அது அவளை விட்டுப் போய்விட்டது என்று நினைத்திருந்தேன்.

மழை வந்தது. குடை இல்லை. ஒரு பழைய கடையின் முன்னால், நடைபாதையில் ஒதுங்கி நின்றோம். தகரக் கூரையிலிருந்து தண்ணீர் நூல் நூலாக இறங்கியது. சாலை, எதிர்க்கடை, அதற்குப் பின்னால் இருந்த செம்பனை மரங்கள் எல்லாம் கரைந்து ஒரே சாம்பல் நிறமாகிவிட்டன. அவள் மீன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு மழையைப் பார்த்தபடி நின்றாள். அவள் முகத்துக்கு நேராகப் போய் நின்று கேட்டேன்.

“அக்கா, உண்மையைச் சொல்லு. மிஷினு சரியா கேக்குதா?”

“கேக்குது பாப்பா. நல்லாத்தான் கேக்குது. இடையில இடையில காணாமப் போயிரும்,” என்றாள்.

“எது?”

“சத்தம்தான். ரொம்ப நேரம் இல்ல லா. கண்ணு சிமிட்டுதுல்ல, அந்த மாதிரி காது சிமிட்டும். அந்த நேரம் பாத்து யாராச்சும் பேசுனா, சொல்லோட தலை போயிரும். கடைன்னு சொன்னா அடைன்னு கேக்கும்.”

“எத்தனை நாளா?”

“மொத நாள்லேருந்து.”

“அப்ப ஏன் படிவத்துல எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதுனே?”

அவள் மீன் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். “நீ செஞ்சதுன்னு சொன்னே. நல்லா இல்லன்னு எப்பிடி எழுதறது? அதோட பாப்பா, கேக்காததைக் கேட்ட மாதிரி தலையாட்டிப் பழகிப் போச்சு. பேப்பரைப் பாத்தாலும் தலையாட்டத்தான் வருது.”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. மழை விட்டதும் வீட்டுக்குப் போனோம், அவள் மீனை அலசினாள், நான் புளி கரைத்தேன். அன்று நாங்கள் அதைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில் சொன்னேன். எங்கள் குழுத் தலைவர் என்னைவிடச் சில வயது மூத்தவர், நான் அண்ணே என்று கூப்பிடுகிறவர். நிதானமான மனிதர். “கெடு தவறுனா கருவி கணக்கு வச்சிருக்குமே? என்ன காட்டுது?” என்று கேட்டார். ஒன்றும் காட்டவில்லை, காரணம் நான்தான். தவறிய கெடுக்களை எண்ணும் பகுதி பேட்டரியைத் தின்கிறது என்று, ஆட்களிடம் கொடுத்த கருவிகளில் அதை நானே அணைத்து வைத்திருந்தேன். அவரிடம் அதையும் சொன்னேன்.

எண்ணும் பகுதியைத் திறந்துவிட்டு, அக்காவை அலுவலகத்துக்கு அழைத்து வந்தோம். சத்தம் புகாத சின்ன அறை ஒன்று எங்களிடம் உண்டு. அதில் வழக்கமாக ஒரு பிளாஸ்டிக் தலை இருக்கும், காதுகள் மட்டும் மனிதக் காதுகள் போல ரப்பரில் செய்தவை. அந்தத் தலையைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு அக்காவை நாற்காலியில் உட்கார வைத்தோம். பேச்சு, இசை, சந்தை இரைச்சல், குழந்தை அழுகை என்று ஒவ்வொன்றாக ஒலிபெருக்கியில் விட்டோம். இரண்டு மணி நேரம். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சாமி கும்பிடப் போனவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். முடிவில் கருவியைத் திறந்து பார்த்தால், தவறிய கெடு பூஜ்யம்.

அண்ணன் அறைக்கு வெளியே நின்று, குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார். “பாரும்மா, கருவியில ஒன்னும் இல்ல. அவங்களுக்கும் வயசாகுது. சில பேருக்கு மனசுல அப்பிடித் தோணும். நாம அதைத் தப்பு சொல்ல முடியாது.”

கதவு திறந்திருந்தது. நான்கடி தள்ளி உட்கார்ந்திருந்த அக்கா தலையைத் திருப்பினாள்.

“தம்பி,” என்றாள். “கேக்கவே இல்லன்னா அது என் காது. கேட்டுக்கிட்டே இருக்கறப்ப நின்னுச்சுன்னா அது உங்க மிஷினு.”

அவர் முகம் சிவந்துவிட்டது. அவர் முணுமுணுத்ததை ஒரு சொல் விடாமல் கேட்கும் அளவுக்குக் கருவி நன்றாக வேலை செய்தது என்பது அந்த நேரத்தில் எங்கள் யாருக்கும் சந்தோஷமாக இல்லை.

அடுத்த சில வாரங்களில் எனக்கு மிச்சம் இருந்த விடுப்பை ஒவ்வொரு நாளாக எடுத்தேன். கருவி எத்தனை தடவை கெடு தவறியது என்று மட்டும் எண்ணும், எப்போது, ஏன் என்று எழுதிவைக்க அதில் இடம் இல்லை. அதனால் அக்காவும் நானும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். சத்தம் சிமிட்டினால் அவள் வலது கை ஆள்காட்டி விரலைத் தூக்க வேண்டும். பேச வேண்டாம். நான் பக்கத்தில் நடந்துகொண்டே நேரத்தையும் அந்த இடத்தில் கேட்டதையும் சின்ன நோட்டில் எழுதிக்கொள்வேன்.

முதல் நாள் ஈப்போ பழைய பட்டணத்துக்குப் போனோம். ஒரு கோப்பிக் கடையில் காலை முழுவதும் உட்கார்ந்தோம். பீங்கான் கோப்பைகள் மோதிக்கொண்டன, கடைக்காரப் பெண் கந்தோனீஸில் அடுப்படியைப் பார்த்துக் கூவினாள், பின்னால் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அக்கா ரொட்டியைக் கோப்பியில் தோய்த்துத் தின்றாள். விரல் எழவே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது, அண்ணன் சொன்னதுதான் சரியோ என்று. பிறகு எழுந்து கிந்தா ஆற்றுப் பக்கம் நடந்தோம். பாலத்துக்கு முன்னால் விரல் எழுந்தது. நான் ‘மைனா’ என்று எழுதினேன். மறுபடி எழுந்தது. ‘மோட்டார் சைக்கிள்’. மறுபடி. ‘ஒன்றும் இல்லை, காற்று’.

நோட்டில் இரண்டு பக்கம் நிறைந்தது. வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோது அதில் ஒரு ஒழுங்கும் தெரியவில்லை. கூர்மையான சத்தம் என்று நினைத்தால் பேருந்தின் உறுமல் குறுக்கே வந்தது. வெயில் என்று நினைத்தால் நிழலிலும் விரல் எழுந்திருந்தது.

அந்த நாட்கள் எல்லாம் இப்போது எனக்கு ஒரே நாளாகத்தான் நினைவிருக்கின்றன. அக்காவின் காதைக் கவனித்துக் கவனித்து என் காது மாறிவிட்டது. சமையலறைக் குழாய் சொட்டும்போது இரண்டு சொட்டுகளுக்கு நடுவில் என்ன நடக்கிறது என்று காத்திருப்பேன். அலுவலகத்தில் கீழே டயர் கழற்றும் இயந்திரம் நின்று மறுபடி ஓடும் இடைவெளியில் மூச்சை நிறுத்துவேன். உலகம் எனக்குத் துண்டு துண்டாக வந்து, என் கண் முன்னால் ஒட்டிக்கொண்டு, ஒரே நீளமாகப் போய்க்கொண்டிருந்தது.

இன்னொரு நாள் குகைக் கோயிலுக்குப் போனோம். படி ஏறும்போது அவள் மூன்று தடவை விரல் தூக்கினாள். உள்ளே, பாறைக் கூரையின் கீழே, ஐயர் மணியை வெகு நேரம் அடித்தார். அவள் கண்ணை மூடி நின்றாள், விரல் அசையவில்லை. அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, செமோர் திரும்பி, அவள் தாமானுக்குப் பின்னால் இருக்கும் பழைய தோட்டச் சாலையில் நடந்தோம். சாலையின் ஒரு பக்கம் புதிய வீடுகளுக்கு மண் சமப்படுத்தியிருந்தார்கள். மறுபக்கம் ஒரே ஒரு வரிசை ரப்பர்ப் பால்மரங்கள், யாரும் வெட்டாமல் மறந்துவிட்ட மாதிரி நின்றன. இலைகள் சிவந்து உதிரும் காலம். கால் வைத்த இடமெல்லாம் சருகு.

அங்கேதான் நான் அவளிடம் அதைக் கேட்டேன். பாசாரில் மழைக்கு ஒதுங்கி நின்ற நாளிலிருந்து என் மனதில் கிடந்த கேள்வி.

எனக்கு முப்பது வயதில் வீட்டில் ஒரு கல்யாணம் நிச்சயம் செய்தார்கள். தேதிகூடக் குறித்தாகிவிட்டது. நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். அப்பா பல மாதங்கள் என்னோடு பேசவில்லை, அம்மா பேசியது பேசாமல் இருந்திருக்கலாம் என்ற மாதிரி இருந்தது. அந்த வாரத்தில் ஒரு நாள் அக்காவைக் காரில் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். ஓட்டிக்கொண்டே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஏன் மறுத்தேன் என்று, யாரிடமும் சொல்லாத காரணத்தையும் சேர்த்து. அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, கடைசிவரை தலையாட்டினாள். “சரி பாப்பா, சரி,” என்றாள். இந்தக் குடும்பத்தில் ஒருத்தியாவது என்னைப் புரிந்துகொண்டாள் என்று அந்த ஒரு ‘சரி’யை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை வருடம் இருந்தேன்.

“அக்கா, அன்னைக்கு கார்ல நான் சொன்னது உனக்குக் கேட்டுச்சா?”

“என்னைக்கு?”

“கல்யாணம் வேணாம்னு சொன்ன வாரம். கிளினிக்குக்குப் போனோமே.”

அவள் நின்றுவிட்டாள்.

“கேக்கல பாப்பா,” என்றாள். “கார் சத்தத்துல ஒன்னுமே கேக்கல. ஆனா நீ அழுதுக்கிட்டே ஓட்டுனே. அதைப் பாத்தேன். அதனாலதான் தலையாட்டுனேன்.”

சருகுகள் மேலிருந்து ஒன்று ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. தரையைத் தொடும் சத்தம்கூட எனக்குக் கேட்டது போல இருந்தது.

“இப்ப சொல்லு,” என்றாள் அக்கா. “இப்ப கேக்குது.”

சொன்னேன். அங்கேயே நின்றுகொண்டு, முப்பது வயதில் சொன்னதை நாற்பத்து மூன்றில் மறுபடி சொன்னேன். அப்போது இருந்த அழுகை இப்போது இல்லை. சில இடங்களில் எனக்கே சிரிப்பு வந்தது, சில காரணங்கள் இப்போது பலவீனமாகத் தெரிந்தன. அவள் ஒரு தடவைகூடத் தலையாட்டவில்லை. முடிந்ததும், “அந்தக் காரணத்தை அம்மாக்கிட்ட சொல்லாதது நல்லதுதான்,” என்றாள். பிறகு, “ஆனா எங்கிட்ட எழுதியாச்சும் காட்டியிருக்கலாம்ல? எனக்குப் படிக்கத் தெரியுமே,” என்றாள். அன்று நோட்டில் அதற்குப் பிறகு நான் எதுவும் எழுதவில்லை.

மூன்றாம் நாள் அதே சாலைக்கு வந்தோம். ஒரு மணி நேரம் நடந்தோம். விரல் எழவே இல்லை. சத்தங்களுக்குக் குறைவில்லை, மண் வாரும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, கொண்டைக்குருவிகள் கத்தின. அக்கா மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

“விரல் தூக்கவே இல்லையே?”

“நிக்கல லா, அப்புறம் எதுக்குத் தூக்கறது? இன்னைக்கு ஆறு மாதிரி ஓடிக்கிட்டே இருக்கு.”

தண்ணீர் குடிக்க வீட்டுக்குத் திரும்பினோம். அவள் மேசை மேலிருந்த கைப்பேசியை எடுத்து, “அலாமாக், இதை விட்டுட்டுப் போயிட்டேன். மாமா கூப்புட்டிருப்பாரு,” என்று பைக்குள் போட்டுக்கொண்டாள். மறுபடி கிளம்பினோம். கேட்டைத் தாண்டி இருபது அடிகூடப் போயிருக்க மாட்டோம், விரல் எழுந்தது.

நான் அவளை நிற்கச் சொன்னேன். நின்றாள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், ஒன்றும் இல்லை. நடக்கச் சொன்னேன். கொஞ்சத் தூரத்தில் விரல். கைப்பேசியை வாங்கி அணைத்துவிட்டு நடக்கச் சொன்னேன். சாலையின் கடைசிவரை போய்த் திரும்பினாள், விரல் இல்லை. எதிர்வீட்டுக்காரப் பெண் துணி காயப்போட வந்தவள், நாங்கள் நடப்பதும் நிற்பதுமாக இருப்பதைப் பார்த்து, “என்னா அக்கா, எக்சசைசா?” என்று கேட்டாள்.

வாய்க்கால் மேல் போட்டிருந்த சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்தேன். நடக்க வேண்டும், கைப்பேசியும் கூட இருக்க வேண்டும். அப்போதுதான் விளங்கியது. கோப்பிக் கடையிலும் கோயிலிலும் எங்கள் அறையிலும் அவள் அசையாமல் இருந்தாள். எங்கள் பிளாஸ்டிக் தலைக்குக் கால்களே கிடையாது.

“என்னா கண்டுபுடிச்சே?” என்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவளுக்குப் புரியும்படி சொல்ல முயன்றேன். எங்கள் கடை வரிசையில் கழிப்பறைக்கு ஒரே சாவி, பெரிய மரக்கட்டையில் கட்டித் தொங்கும். அக்கா அதைப் பார்த்திருக்கிறாள்.

“துப்புரவு செய்ற அம்மா அந்தச் சாவிய எடுத்துக்கிட்டுப் போறாங்கன்னு வச்சுக்க. வழியில மேனேஜர் நிறுத்தி ஏதோ வேலை சொல்றாரு. அவங்களால மறுக்க முடியல. சாவி கையிலேயே இருக்கு. அப்பப் பாத்து பெரிய முதலாளி அவசரமா வாராரு. எல்லாருக்கும் மேல அவருதான். ஆனா சாவி இல்ல. என்ன பண்ணுவாரு?”

“கதவுக்கிட்ட நிப்பாரு.”

“மேனேஜர் பேசி முடிக்கற வரைக்கும் நிக்கணும். உன் மிஷின்ல முதலாளிதான் சத்தம். மேனேஜர், கைப்பேசியோட பேசற வேலை. துப்புரவு அம்மா, நீ எத்தனை எட்டு நடந்தேன்னு எண்ணி எழுதற வேலை. சத்தத்துக்கும் அவங்களுக்கும் எழுதற இடம் ஒன்னுதான், சாவியும் ஒன்னுதான். நீ நடந்தா அவங்க சாவிய எடுப்பாங்க. கைப்பேசி கூட இருந்தா மேனேஜர் நடுவுல வந்து நிறுத்திருவாரு. சத்தம் வெளியில நிக்கும். அந்த நேரத்துலதான் உன் காது சிமிட்டுது.”

அக்கா யோசித்தாள். பிறகு கேட்டாள், “நான் எத்தன எட்டு நடந்தேன்னு எண்ணச் சொல்லி நான் கேட்டனா லா?”

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உண்மையில் யாரும் கேட்கவில்லை. கருவி செய்யும் நிறுவனம், இப்போது எல்லாரும் அதை விரும்புகிறார்கள் என்று சேர்த்த வசதி அது.

சிரிப்பு அடங்கியதும் வெட்கம் வந்தது. சாவியை வைத்திருப்பவருக்கு, அதைத் திருப்பித் தரும்வரை, வெளியே காத்திருப்பவரின் மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். அப்போது நடுவில் இருப்பவர் யாராலும் அவரை நிறுத்த முடியாது. இதைக் கல்லூரியில் பரீட்சைக்கு எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். நிரலில் அதற்கு ஒரு வரி போதும். நடக்கும் எட்டுகளை எண்ணும் வேலை பிறகு வந்து சேர்ந்தபோது அந்த வரியைப் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு சின்ன வேலை யாரை என்ன செய்துவிடப் போகிறது என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் அந்த வரியைப் போட்டேன். அக்காவை அழைத்து வந்து, அலுவலக மாடியின் நடைவழியில் கைப்பேசியோடு நடக்க விட்டோம். ஒரு முனையில் ஜன்னலும் மலையும், மறுமுனையில் படிக்கட்டு. பழைய நிரலோடு அரை மணி நேரம், புதியதோடு அரை மணி நேரம். பழையதில் எண் ஏறிக்கொண்டே போனது. புதியதில் பூஜ்யம். அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கீழே இறங்கிப் போய்க் கோப்பியும் இரண்டு பொட்டலம் குவேப் பலகாரமும் தாப்பாவ் பண்ணி, கட்டி வாங்கிக்கொண்டு வந்து அக்காவின் முன்னால் வைத்தார்.

“அக்கா, அன்னைக்கு நான் பேசுனது தப்பு,” என்றார்.

“பரவால்ல தம்பி. மெதுவா பேசுனா கேக்காதுன்னு நெனச்சுட்டீங்க,” என்றாள் அவள், குவேயின் இலையைப் பிரித்துக்கொண்டே.

புதிய நிரல் மற்ற ஆட்களின் கருவிகளுக்கும் போனது. அவர்களில் இரண்டு பேர், ஆமாம், எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது, எங்கள் காதுதான் என்று நினைத்துச் சொல்லவில்லை என்று பிறகு ஒப்புக்கொண்டார்கள். எட்டு எண்ணும் வசதி அப்படியே இருக்கிறது. அக்காவின் அடுத்த படிவத்தில் ‘மிக நன்று’ மூன்று இடத்தில்தான் இருந்தது. தான் முறுக்கு மெல்லும் சத்தம் மண் லாரி போவது மாதிரி இருக்கிறது என்று பின்பக்கத்தில் எழுதியிருந்தாள். காற்று அடித்தால் யாரோ துணி உதறுவது மாதிரி இருக்கிறதாம். வீட்டிலும் அவள் மாறிவிட்டாள். “கேக்கல, திருப்பிச் சொல்லுங்க,” என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறாள் என்று மாமா என்னிடம் புகார் செய்தார். காது நன்றாகக் கேட்கும்போதுதான் அவளுக்கு அதைச் சொல்லத் தைரியம் வந்தது.

போன மாதம் ஹுத்தான் மெலிந்தாங்கில் ஒரு கல்யாணம். மாமாவுக்கு பஸ் ஓட்டும் வேலை இருந்ததால் நானும் அக்காவும் மட்டும் போனோம். சாப்பாடு முடிந்து பிற்பகலில் புறப்பட்டு, பாகான் டத்தோ பக்கம் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வந்தோம். தரை அங்கே கடலுக்குச் சமமாகக் கிடக்கும். தென்னை வரிசைகள், வாய்க்கால், மறுபடி தென்னை வரிசைகள். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. எதிரில் வண்டியே வரவில்லை. ஓட்டிக்கொண்டிருக்கிறேனா, யாரோ ஓட்ட உட்கார்ந்திருக்கிறேனா என்று தோன்றுகிற சாலை.

“உனக்கு ஒன்னு சொல்லவா?” என்றாள் அக்கா. “காது கேக்காதப்ப, கல்யாண வீட்டுல சும்மா உக்காந்திருப்பேன்ல. எல்லாரும் வாய அசைப்பாங்க. நானா ஒரு பேச்சு வச்சுக்குவேன்.”

“என்ன பேச்சு?”

“இவரு அவங்கக்கிட்ட மன்னிப்பு கேக்கறாரு. அந்தம்மா சின்ன வயசுல வீட்ட விட்டு ஓடிப் போன கதைய இன்னைக்குத்தான் மொத மொதல்ல சொல்றாங்க. நம்ம பெரியம்மா இருக்காங்கல்ல, அவங்க என் கதையில ரொம்ப நல்லவங்க. எல்லார் பிள்ளைக்கும் படிக்கப் பணம் குடுப்பாங்க.”

“இன்னைக்கு அவங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தே? உண்மையில என்ன பேசுனாங்க?”

“சக்கர வியாதி,” என்றாள் அக்கா. “அப்புறம் மண்டபத்துல கார் நிறுத்த இடம் இல்லன்னு. அவ்வளவுதான் லா. ரெண்டு மணி நேரமும் அதேதான்.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு வருத்தமாக வெளியே பார்த்தாள். அவள் கட்டிய பெரியம்மா கதையின் மிச்சத்தையும் சொல்லச் சொன்னேன். அது நீளமானது. அதில் ஒரு கப்பல் வந்தது, தங்கச் சங்கிலி ஒன்று தொலைந்தது, எங்கள் சித்தப்பா வேறு யாரோவாக இருந்தார். தெலுக் இந்தானைத் தாண்டினோம், மழை வந்தது, விட்டது. செமோரில் அவள் வீட்டு கேட்டுக்கு முன்னால் நிறுத்தியபோது கப்பல் இன்னும் கரைக்கு வந்திருக்கவில்லை. மாமா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அக்கா ஒரு நிமிடம் என்று கையைக் காட்டிவிட்டு மேலே சொன்னாள். எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.